வெள்ளத்தின் உயரத்தை அளப்பது யார்?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்ணெண்ணெய் விளக்கையும் நான்கு பாய்களையும் கொண்டு இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் பேசுமாறு பணித்தபோது, "எதைப் பற்றிப் பேசலாம்?" என்று செயலாளரை வினவினோம். "இளைஞர்களுக்குப் பயன்படும் பொருளைப் பேசுங்கள்" என்றார். ஆகவே, கையடக்கமான ஒரு மின்னணுக் கருவியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். மின்னணுவியல் அறிந்தவர் அல்லர். இன்று கூறப்போவனவற்றுள் பாதியை நம் மாணாக்கரிடமிருந்தே கற்றோம். ஆசிரியன் மாணவனிடம் கற்பது இழுக்கன்று, கல்லாதிருப்பதே இழுக்கு.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க முடியாது. 18ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, திருவைகுண்டம் இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இரயில் நின்றுபோயிற்று.

95 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 300 சதுர அடி உள்ள தொகுப்பு வீட்டின் கூரை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். 950 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு கூரைமேல் மட்டும் 26,000 லிட்டருக்கு மேற்பட்ட நீர் விழுகிறது. பெரிய தண்ணீர் லாரிகள் இரண்டின் கொள்ளளவைக் காட்டிலும் இது மிகுதி. ஊர்ப் பள்ளத்தில் அமைந்த நம் குடியிருப்புகளுக்கோ, தன் கூரை நீரோடு மேட்டுத் தெருக்களின் நீரும் வந்து சேர்கிறது. பள்ளத்தில் குடியிருக்க நாம் விரும்பிச் செல்லவில்லை. அங்கேதான் நமக்கு இடம் விட்டார்கள்.

வெள்ளம் வடிந்த பின் நிவாரணத்திற்கான பட்டியல் எழுதும் காலம் வந்தது. நம் குடியிருப்பில் ஒரு தெரு விடுபட்டிருந்தது. காரணம் கேட்டபோது, "அத்தெருவில் கணுக்கால் அளவுதானே தண்ணீர் வந்தது" என்று விடை கிடைத்தது. எவர் அப்படிக் கூறினார், எப்போது வந்து பார்த்தார் என்பதற்குப் பதில் இல்லை. நம் பெண்கள் இடுப்பளவு என்றனர். கணுக்கால் என்றது ஒரு வாய். இடுப்பு என்றது மற்றொரு வாய். எந்த வாயின் சொல் ஏட்டில் ஏறும் என்பதை நம் மூதாதையர் காலத்திலிருந்தே அறிவோம்.

ஆனால் அம்முறை ஒன்று நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, 18ஆம் நாள் பிற்பகல் நீர் வடியத் தொடங்கியதும், சுவரில் நீர் நின்ற தடத்தின்மேல் அடுப்புக் கரியால் கோடு கிழித்து, நாளும் நேரமும் எழுதி வைத்திருந்தாள். அண்டை வீடுகளிலும் அவ்வாறே செய்திருந்தாள். அளவுநாடா கொண்டு அளந்தபோது அவள் வீட்டுக் கோடு தரையிலிருந்து 4 அடி 2 அங்குல உயரத்தில் இருந்தது. பதினொரு வீடுகளின் கோடுகளை ஒரு வரைதாளில் எழுதி, புகைப்படங்களோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அலுவலர் ஒருவர் நேரில் வந்து, கோடுகளைப் பார்த்தார். தாமே நாடாவைப் பிடித்து அளந்தார். தெரு பட்டியலில் ஏறியது. நாம் மன்றாடி எழுதிய மனுவால் ஆகாதது ஒரு கரிக்கோட்டால் ஆயிற்று.

இன்று நாம் கூற வந்த கருத்து இதுவே: அளவு என்பது சாட்சி. தன் வாழ்வைத் தாக்கும் பொருளைத் தானே அளந்து, நாள் குறித்து, பலர் காண வைக்கத் தெரிந்த சமுதாயத்தின் சொல்லை எளிதில் தள்ளிவிட இயலாது.

அன்பர்களே! நீரை அளப்பது நம் மக்களுக்குப் புதிய தொழிலன்று. பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் பொருநை நதியில் ஏழு பழைய அணைக்கட்டுகளும், ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த திருவைகுண்டம் அணைக்கட்டும் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும், அவை நிரப்பும் குளங்களும் இப்பள்ளத்தாக்கை நெல் விளையும் நாடாக்கின. குளத்து மடையைத் திறப்பதும், வயல்தோறும் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும், வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையைக் காப்பதும் எவர் தொழில்? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. தமிழ்நாட்டுக் குளங்கள் பலவற்றில் அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே. விரலாலும் கோலாலும் நீரை அளந்தனர். நீர் பாய்ந்த நிலமோ பிறருடையதாக இருந்தது.

பொதுக் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரில் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்றவர் அண்ணல் அம்பேத்கர். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அவர் காலத்தில்தான் அடித்தளம் இடப்பட்டது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியான அமைப்பு 1945இல் தோன்றியதும் அவர் காலத்தில்தான். குளத்து நீரைத் தொடக் கூடாது என்று தடுக்கப்பட்ட இனத்தில் பிறந்தவர், நாட்டின் நதிகளுக்குக் கணக்கு வைக்கும் அமைப்பு உருவாக வழி வகுத்தார். நீரின்மேல் உரிமை வேண்டும் என்றதோடு நீரைப் பற்றிய அறிவும் நம் கைக்கு வர வேண்டும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

நம் மண்ணிலேயே மற்றொன்று உண்டு. மழைக்காலத்தில் நாளேடுகளில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்னும் மலைத் தோட்டங்களின் மழையளவைக் காண்கிறோம். அங்கே பெய்யும் மழைக்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. அம்மழையில் நனைந்து தேயிலை பறித்தவர்களுள் மிகப் பலர் நம் மக்கள். அத்தொழிலாளரின் கூலிக் கோரிக்கைக்காக 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் நெல்லையில் ஊர்வலம் சென்றபோது, தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் மாண்டன. மழைக்குக் கணக்கு வைத்த உலகம் உழைப்புக்குக் கணக்குக் கேட்டவரை எப்படி நடத்தியது என்பதை, இந்நதியின் கரையில் நின்று பேசும் நாம் நினையாதிருத்தல் இயலாது.

இனி, கருவியைப் பற்றிக் கூறுவோம்.

முன்னாளில் ஓர் அளவுக் கருவி என்றால் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மாணவன் தொடக்கூட முடியாது. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆசிரியர், மாணவர் சிலர் கூடி 'ஆர்டுயினோ' என்னும் சிறு சுற்றுப்பலகையை உருவாக்கினர். அதன் வரைபடத்தை மறைத்து வைக்காமல் உலகத்தார் அனைவர்க்கும் திறந்து வைத்தனர். எவரும் செய்யலாம், எவரும் மாற்றலாம். அதன்பின் இணைய வசதியும் கூடிய இன்னும் மலிவான பலகைகள் வந்தன. இப்பலகைதான் மூளை. 'சென்சார்' எனப்படும் உணரிகள் அதன் கண்ணும் காதும்.

நம் பள்ளி மாணவர் பன்னிருவர் இரண்டு கருவிகளைச் செய்தனர். ஒன்று மழைமானி. மேலே ஒரு புனல். கீழே சாய்ந்தாடிப் பலகைபோல் இரு சிறு கிண்ணங்கள். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றது நிமிரும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைக் கடக்கும். பலகை ஒன்று கூட்டிக்கொள்ளும். புனலின் வாய் 16 சென்டிமீட்டர் விட்டமானால், 4 மில்லிலிட்டர் நீர் 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஐந்து சாய்வு ஒரு மில்லிமீட்டர். வகுப்பில் படிக்கும் வட்டத்தின் பரப்பளவு எதற்குப் பயன்படும் என்று கேட்ட பையனுக்கு, அன்று விடை கிடைத்தது.

மற்றொன்று வாய்க்காலின் நீர்மட்டத்தை அளப்பது. ஊராட்சியின் இசைவு பெற்று, சிறு பாலத்தின் அடியில் ஓர் ஒலி உணரியைப் பொருத்தினர். நம் காதுக்குக் கேளாத ஒலியை அது கீழ்நோக்கி அனுப்பும். நீரின்மேல் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணிக்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எதிரொலி ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், போய்வந்த தூரம் 3.4 மீட்டர், நீர் 1.7 மீட்டர் கீழே உள்ளது. நீர் உயர உயர நேரம் குறையும்.

இக்கருவி நமக்குக் கற்பித்த பெரும்பாடம் அதன் தவற்றிலிருந்து வந்தது. சித்திரை வெயிலில், நாள்தோறும் நண்பகலில் நீர் ஐந்து சென்டிமீட்டர் ஏறுவதாகவும் இரவில் இறங்குவதாகவும் அது காட்டியது. மாணவர் மகிழ்ந்து, மேலே மதகு திறக்கிறார்கள் என்று எழுதி வைத்தனர். அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், இளமையில் நீர்க்கட்டி வேலை பார்த்தவர், கோலை நீரில் ஊன்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நண்டு வளை இன்னும் முங்கலையே, தண்ணி எங்கலே ஏறிச்சு?" என்றார்.

பையன்கள் வெட்கினர்; பிறகு ஆராய்ந்தனர். காற்றின் வெப்பம் ஒரு செல்சியசு பாகை கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. இரவில் 26 பாகை, நண்பகலில் 38 பாகை. 12 பாகை வேறுபாட்டிற்கு வேகம் 7 மீட்டர் கூடுகிறது. எதிரொலி விரைந்து திரும்ப, நீர் அருகில் வந்துவிட்டதாகக் கருவி ஏமாந்தது. இரண்டரை மீட்டர் தூரத்தில் அப்பிழை ஐந்து சென்டிமீட்டர். வெப்பத்தை அளக்கும் ஓர் உணரியைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தியதும் பிழை நீங்கிற்று. கருவியின் பிழையைக் கண்டது ஒரு முதியவரின் கோல். பிழைக்குக் காரணம் கண்டது இளைஞரின் கணக்கு. இரண்டும் நம் சொத்து. இரண்டையும் இழத்தல் கூடாது.

அடுத்து, மின்சாரம். வெள்ள நாளில் முதலில் போவது மின்சாரமே. மின்கம்பியை நம்பிய கருவி, வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். ஆகவே சூரிய ஒளி. நெல்லைச் சீமைக்கு வெயில் பஞ்சமில்லை. கங்கைகொண்டானில் சூரிய மின்கலங்களும் மின்பலகைகளும் செய்யும் பேராலையே எழுந்துள்ளது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியன் எங்கே? இங்கும் கணக்கே துணை. எப்போதும் விழித்திருக்கும் கருவிக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 வாட்-மணி ஆற்றல் வேண்டும். கைவிளக்கில் இடும் அளவுள்ள ஒரு லித்தியம் மின்கலம் ஏறத்தாழ அவ்வளவே தாங்கும். அதாவது ஒரே நாள். நீர்மட்டக் கருவியைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பத்து விநாடி மட்டும் விழிக்கச் செய்தால், செலவு அறுபதில் ஒரு பங்காகக் குறைகிறது. கசிவிலும் தேய்விலும் பாதி வீணானாலும், வெயிலே இன்றி மூன்று வாரம் ஓடும். சிக்கனம் நம் வீடுகளுக்குத் தெரியாததா? அதைக் கருவிக்குக் கற்பித்தோம். இந்நீர்மட்டக் கருவிக்கு ஆன மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள் அடங்கிற்று.

மூன்றாவது, பகிர்தல். அளவை ஏட்டில் எழுதிப் பூட்டி வைப்பதால் பயனில்லை. கருவி தானே இணையத்தில் ஏற்றிவிட்டால், சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளையும், கீழ் ஊரில் உள்ள உறவினரும், அலுவலரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காண்பர். மலைக்கு அப்பால், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் பொதுமக்களும் பள்ளி மாணவரும் மழைமானியும் ஆற்றில் அளவுகோலும் வைத்து, மேல் ஊரில் கண்ட அளவைக் கைப்பேசி வழியே கீழ் ஊருக்குச் சொல்கின்றனர். நம் பக்கத்திலேயே, மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். தன்னார்வலர் பலர் அதில் பங்கு கொள்கின்றனர். பறவையைக் கணக்கெடுக்கும் கை வெள்ளத்தையும் கணக்கெடுக்கலாம் அன்றோ?

எனினும் இளைஞர்களே, சில எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, டிசம்பர் வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. இணையம் அறுந்தாலும் அளவு அழியாதபடி, கருவிக்குள் ஒரு நினைவு அட்டை இருக்க வேண்டும். 'லோரா' என்னும் சிறு வானொலி முறை கோபுரமின்றியே சில கிலோமீட்டர் தூரம் எண்ணை அனுப்ப வல்லது. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. இவை எல்லாம் பழுதானாலும், பாலத்தூணில் வண்ணத்தால் எழுதிய அளவுகோல் ஒன்று நிற்கட்டும். அதை அறிய மின்சாரம் வேண்டா. எண் படிக்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, நாள்தோறும் சரிபாருங்கள். புனலில் வேப்பிலை அடைக்கும். பெட்டிக்குள் எறும்பு குடியேறும். உணரியின் முகத்தில் குளவி கூடு கட்டும். எம் மழைமானி நல்ல மழையன்று சுழியம் காட்டியது. திறந்தால் சிலந்தி வலை. அத்தகைய நாளில் "கருவி பழுது" என்று எழுதுங்கள். ஊகித்து ஓர் எண்ணை நிரப்பாதீர்கள். ஒரு பொய்யெண் அகப்பட்டால் நூறு மெய்யெண்ணும் ஐயத்திற்கு ஆளாகும். நம் சொல்லை ஐயுறக் காத்திருப்போர்க்கு நாமே இடம் தரலாகாது.

மூன்றாவது, அளப்பவர் வேறு, எச்சரிக்கை விடுப்பவர் வேறு. வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் தரும் அறிவிப்பே அறிவிப்பு. நம் கருவி ஒரு வாய்க்காலின் ஓர் இடத்தைத்தான் அறியும். அதைக் கொண்டு "அணை உடைந்தது" என்று வதந்தி கிளப்புவோன், அக்கருவியைச் செய்த கைகளுக்கே இழிவு தேடித் தருகிறான்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அடல் டிங்கரிங் ஆய்வகம் என்னும் திட்டத்தை மத்திய அரசு 2016இல் தொடங்கியது. தெரிவான பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை உதவி தரப்பட்டது. அத்தகைய ஆய்வகம் உள்ள பள்ளியில் நம் பிள்ளை படித்தால், அவன் பலகையைத் தொடுகிறானா, அல்லது தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறானா என்று விசாரியுங்கள். மகளைக் குறித்தும் அவ்வாறே விசாரியுங்கள். சுவரில் கோடு கிழிக்க முதலில் எண்ணியவள் ஒரு பெண் என்பதை மறவாதீர்கள்.

நிறைவாக, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு வைக்க எண்ணியுள்ளதாக அறிந்தோம். வையுங்கள். அதனோடு, நம் குடியிருப்பின் நுழைவாயிலில் அடியும் அங்குலமும் எழுதிய ஓர் அளவுத்தூணும் நிறுவுங்கள். அதில் 2023 டிசம்பர் வெள்ளம் எட்டிய உயரத்தைக் கோடிட்டு, நாளும் எழுதுங்கள். படிப்பகத்தின் மாடியில் ஒரு மழைமானி வையுங்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதைப் படித்து, கையெழுத்திட்டு, ஒரு பதிவேட்டில் எழுதும் பொறுப்பை மாதம் ஒரு மாணவருக்குத் தாருங்கள். இப்பதிவேடு இருபத்தைந்து ஆண்டு தொடர்ந்தால், பொன்விழாக் காணும் நாளில், இப்பள்ளத்தில் பெய்த மழைக்கும் ஏறிய வெள்ளத்திற்கும் நம் கையெழுத்தில் சான்று இருக்கும். அன்று எவரும் வந்து, கணுக்கால் அளவுதானே என்று கூறிச் செல்ல இயலாது.

அம்மாணவியின் வீட்டிற்கு அண்மையில் சென்றிருந்தோம். பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தனர். அக்கரிக்கோட்டின்மேல் மட்டும் சுண்ணாம்பு படாமல் ஒரு சாண் அகலம் விட்டிருந்தார் அவள் தாய். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆயினும், எழுதியதை அழிக்கலாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.